பட்லர் மகன் சாமுவேல்

எனக்கு வாய் நீளம். கூடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூட வேண்டிய இடத்தில் வாயைத் திறந்துதான் நான் கெட்டேன். அதைச் சொல்வதற்கும் இதோ வாயைத் திறந்துவிட்டேன், பாருங்கள்.

என் பெயர் கர்ணன். முப்பத்தைந்தாம் வருஷம் எனக்கு வயது இருபத்திரண்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மலைமேல் எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றி, குமுளி வழியாக இறக்கி, தேனி ரயிலடியில் சேர்ப்பது என் வேலை. அந்தக் காலத்தில் லாரி ஓட்டுகிறவன் என்றால் சும்மாவா? நான் ஹாரன் அடித்தால் மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சுப்புத்தாயை எனக்குக் கட்டிக்கொடுத்ததே அந்த லாரியைப் பார்த்துத்தான். அதை அவளே சொல்வாள். இது நடந்தபோது அவள் நாலு மாசம் முழுகாமல் இருந்தாள்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமையில். எங்கய்யா அம்மாவாசி அங்கே எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தார். அவர் செத்த பிறகு, கூடலூரில் பூர்வீக வீடு சும்மா கிடக்கிறதே என்று சுப்புத்தாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். வந்ததுதான் தப்பு. பத்தாம் நாள் தலையாரி வாசலில் வந்து நின்றான்.

"ஏலே கர்ணா, இன்ஸ்பெக்டர் கூப்பிடுறாக. உன் பேரை ரேகையில ஏத்தணுமாம்."

ரேகைச் சட்டத்தைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்! எங்கள் சாதியில் ஆம்பளையாய்ப் பிறந்து வயசுக்கு வந்துவிட்டால் போதும். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பத்து விரலையும் மையில் முக்கிப் போலீஸ் டேசனில் பதிந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் டேசன் கொட்டகையில் போய்ப் படுக்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் தனியாகக் கிடப்பாள். பக்கத்து ஊருக்கு இழவு கேட்கப் போவதென்றாலும் சீட்டு வாங்க வேண்டும். மலையேறி இன்னொரு ராஜாவின் சீமைக்குள் லாரி ஓட்டுவதற்கு எவன் சீட்டுக் கொடுப்பான்? ரேகை வைத்தால் லாரி போச்சு. லாரி போனால் நான் யார்?

இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எசமான், நான் இந்தச் சாதியே இல்லை. எங்கய்யா திருநெல்வேலிப் பக்கத்து வேதக்கார பட்லர் மகன். பேரு சாமுவேல். மலைமேல வெள்ளைக்காரக் கோயில் புஸ்தகத்துல எழுதியிருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா? வர்ற செவ்வாக்கிழமை காலையில பாதிரி கையெழுத்தோட அதைக் கொண்டா. பேரை அடிச்சிர்றேன். கொண்டு வரலைன்னா கையை நீட்டு. பொய்யின்னு தெரிஞ்சது, ஆறு மாசம் உள்ள தள்ளிருவேன்."

நான் சொன்னது பொய்யா என்றால் பொய் இல்லை. நிஜமா என்றால் நிஜமும் இல்லை. எங்கய்யா தவிட்டுக்குப் போன பிள்ளை.

பெரியாற்று அணை கட்டின காலத்தில் என் அப்பத்தா மொக்கம்மாள் அங்கே கல் சுமந்தாள். மூன்று பெற்று மூன்றும் மண்ணுக்குப் போயின. நாலாவதாக எங்கய்யா பிறந்தார். இதுவும் தங்காது என்று பயந்துபோய், கேம்ப் பட்லர் யாக்கோபுவின் பெண்டாட்டி எஸ்தரிடம் ஒரு படி தவிட்டுக்குப் பிள்ளையை விற்றுவிட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. 'இது என் பிள்ளை இல்லை, விற்றுவிட்டேன்' என்று சொன்னால் எமன் ஏமாந்து வேறு வீட்டுக்குப் போய்விடுவானாம். பிள்ளை தேறியதும், அதே ஒரு படித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். வாங்குகிறவளுக்கும் தெரியும், விற்கிறவளுக்கும் தெரியும், கண்துடைப்பு என்று.

எஸ்தருக்கு மட்டும் அது கண்துடைப்பாகப் படவில்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. மலைக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்து, சாமுவேல் என்று எழுதிவிட்டாள். பத்து மாசம் கழித்து அப்பத்தா தவிட்டோடு போய்ப் பிள்ளையை வாங்கி வந்தாள். எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். எங்கய்யா குடித்துவிட்டால் இரண்டே பேச்சு. ஒன்று, "என் பேரு வெள்ளைக்காரன் புஸ்தகத்துல இருக்குடா." இன்னொன்று, வீட்டு அம்மியைக் காலால் தட்டி, "இதோட குழவி வெள்ளைக்காரன் கோயில்ல படுத்துக் கிடக்குடா." எங்கள் வீட்டு அம்மி கருங்கல். குழவியோ வேறு நிறம், அம்மிக்குச் சேராமல் ஓர் அங்குலம் கட்டை. குடிகாரப் பேச்சு என்று இரண்டையும் யாரும் காதில் வாங்கியதில்லை.

ஆக, கதையில் முன்பாதியை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பின்பாதியை முழுங்கிவிட்டேன்.

புஸ்தகம் இங்கிலீஷில் இருக்கும். எனக்கோ தமிழே தத்தக்கா பித்தக்கா. மிஷன் பள்ளிக்கூடத்து ராஜமணி வாத்தியாரைத் தேடிப் போனேன். ஒல்லி மனுஷர். வெயிலோ மழையோ குடை இல்லாமல் பார்க்க முடியாது. பள்ளிக்கூடம் பார்க்க வந்த அதிகாரியிடம், "வருகைப் பதிவில் உள்ள பையன்களில் பாதிப்பேர் மாடு மேய்க்கிறார்கள் அய்யா" என்று அவராகவே சொல்லி, பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய மானியத்தைக் கெடுத்தவர். ஊரே அவரைத் திட்டியது. அப்பேர்ப்பட்ட மனுஷரிடம் பின்பாதியைச் சொல்ல முடியுமா?

"எங்கய்யா பேரு அங்கன இருக்கு வாத்தியாரே. தேடிப் பார்த்து பாதிரிகிட்ட எழுதி வாங்கிக் குடுங்க. புண்ணியமாப் போகும்."

"இருக்கிறதைத்தான்ப்பா எழுதி வாங்க முடியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வளைவுக்கு வளைவு அவர் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். வாந்திக்கு நடுவில் கேள்வி வேறு.

"உங்கய்யா பட்லர் மகன்னா, அம்மாவாசின்னு எப்படிப் பேரு வந்துச்சு?"

"அமாவாசையில பொறந்தாக."

"வேதக்காரக் குடும்பத்துல அப்படிப் பேரு வைக்க மாட்டாகளே."

"வாத்தியாரே, வளைவு வருது. பேசாம கம்பியைப் பிடிங்க."

புஸ்தகத்தில் பேர் இல்லாமல் போனால்? கரையான் தின்றிருந்தால்? எங்கய்யா வாயில் வந்தது வெறும் சாராயமாக இருந்திருந்தால்? செவ்வாய்க்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

கோயிலில் ஆராதனை முடிகிறவரை பனியில் நின்றோம். வெள்ளைக்காரர்கள் காரில் ஏறிப் போனபின் வாத்தியார் பாதிரியிடம் போய்ப் பேசினார். பாதிரி வயசான வெள்ளைக்காரர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். கண்ணில் புரை விழுந்திருந்தது. பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், மர அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட பெரிய புஸ்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனிக்குக் கண்ணு போரா. நீங்கள் நோக்கிச் சொல்லு" என்றார் வாத்தியாரிடம்.

எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. அணை வேலை நடந்த காலம், அவ்வளவுதான். வாத்தியார் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். தாள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அவர் எச்சில் தொட்டுப் பிரிக்கப் பிரிக்க, கிழிந்துவிடுமோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாம் தோட்டத்துரைமார் பிள்ளைகள், இன்ஜினீயர் பிள்ளைகள். தொண்ணூற்று ஒன்று முடிந்தது. தொண்ணூற்று இரண்டு முடிந்தது. நான் குல தெய்வத்தையும் கும்பிட்டேன், சுவரில் தொங்கிய சிலுவையையும் கும்பிட்டேன். யார் கொடுத்தாலும் சரி என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

"இந்தா இருக்கு" என்றார் வாத்தியார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆயிரத்து எண்ணூத்து தொண்ணூத்து மூணு, நவம்பர் மாசம் பன்னெண்டு. சாமுவேல். தகப்பன் யாக்கோபு. தாய் எஸ்தர். தொழில் பட்லர். இருப்பு அணைக் கேம்ப்."

"எழுதிக்கங்க, எழுதிக்கங்க! பாதிரி அய்யா, ஒரு கையெழுத்துப் போட்ருங்க. நாங்க கிளம்புறோம்" என்று நான் பரபரத்தேன். பாதிரி சிரித்துக்கொண்டே தாளும் பேனாவும் எடுத்தார். வாத்தியார் மட்டும் விரலை எடுக்கவில்லை. அவர் விரல் அந்த வரியின் ஓரத்துக்கு நகர்ந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் என்னமோ கிறுக்கியிருந்தது. அவர் முகம் செத்துப்போனது.

"என்ன வாத்தியாரே?"

அவர் என்னைப் பார்த்தார். பாதிரியைப் பார்த்தார். பாதிரிக்கோ கண் தெரியாது. இந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டால் முடிந்தது கதை. ஒரே ஒரு தடவை மூடட்டும், ஆயுசுக்கும் இவர் வீட்டுக்கு விறகு சுமக்கிறேன் என்று மனசுக்குள் கதறினேன்.

"அய்யா, ஓரத்துல ஒரு குறிப்பு இருக்கு" என்றார் வாத்தியார். "அடக்கப் புஸ்தகம், நாப்பத்தியொண்ணாம் நம்பர் பார்க்கன்னு."

அலமாரியிலிருந்து இன்னொரு புஸ்தகம் வந்தது. இது கறுப்பு அட்டை. நாற்பத்தியொன்றாம் நம்பரை வாத்தியார் வாசித்தபோது அவர் குரல் பாதியாகிவிட்டது.

"சாமுவேல். பட்லர் யாக்கோபு மகன். வயசு பத்து மாசம். காய்ச்சல். அடக்கம், தொண்ணூத்து நாலு ஆகஸ்ட் இருபது."

பாதிரி பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "ஆ குட்டி மரிச்சு போயல்லோ. மரிச்ச குட்டியுடைய பேரில் நீ சர்ட்டிபிகேட் கேட்கிறாய்? இது கள்ளம். ஞான் போலீசுக்கு எழுதணும்" என்றார்.

ஆறு மாசம் என் கண்முன்னால் வந்து நின்றது. சுப்புத்தாய் தனியாகப் பிள்ளை பெறுவது தெரிந்தது. ஆனால் அதைவிட வேறு ஒன்று என்னைச் சுட்டது. என் மடியில் தலை வைத்துச் செத்த மனுஷனை, பத்து மாசத்தில் செத்தான் என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்கின ஆத்திரத்தில்தான், எங்கய்யாவின் இரண்டாவது குடிகாரப் பேச்சு மண்டையில் வந்து இடித்தது.

"சாகலை!" என்று கத்தினேன். "அது பிள்ளை இல்லை. குழவிக்கல்லு! எங்க அம்மிக் குழவி!"

அதற்குப் பிறகு வாய் நிற்குமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தவிட்டுக்கு விற்றது, தவிடு கொடுத்து வாங்கினது, எல்லாம். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அந்தக் காலத்துப் பாதிரியிடம் பட்லர் எப்படிச் சொல்வான்? வேலை போயிருக்கும். பிள்ளை எங்கே என்று கேட்பார்களே. கேட்டால் காட்ட ஒரு குழி வேண்டும். பெட்டிக்குள் ஒரு கனம் வேண்டும். அப்பத்தா வீட்டுக் குழவியைக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கம் தொட்டில் கட்டினால் பிள்ளைக்கு முன்னால் குழவிக்கல்லைத் துணியில் சுற்றிப் போட்டு ஆட்டுவார்கள். பிள்ளைக்குப் பதில் கல் என்பது அவளுக்குப் புது யோசனையா என்ன?

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். பாதிரி என் பக்கம் முகத்தைத் திருப்பி, இந்த முறை மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்போள், உன் அப்பன் பட்லர் மகன் அல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதியிருக்கிறபடி பிள்ளை செத்தது நிஜமென்றால் எனக்குச் சாமுவேல் இல்லை. சாகவில்லை என்றால் எங்கய்யா மொக்கம்மாள் மகன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ரேகைதான். என் வாயாலேயே என் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

பாதிரி போலீசுக்கு எழுதவில்லை. இரண்டு பதிவையும் ஒரே தாளில் வாத்தியார் கையால் எழுத வைத்தார். அதன் கீழே, இந்த ஆள் தானாகவே உண்மையைச் சொன்னான் என்று ஒரு வரி சேர்த்து, கடைசியில் கையெழுத்தும் முத்திரையும் போட்டார். கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஓர் இடத்தையும் காட்டினார். பெரணிச் செடி மண்டிக் கிடந்தது. குச்சி நட்டு நம்பர் எழுதியிருந்தார்களாம், அதெல்லாம் எப்போதோ மக்கிவிட்டது. உள்ளே எங்கள் வீட்டுக் குழவி கிடக்கிறது என்று நினைத்தேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

இறங்கும்போது வாத்தியார் வாந்தி எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த தாளை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கீழ்ப்பாதியைக் கிழிச்சிட்டா என்ன?"

"கையெழுத்தும் முத்திரையும் கீழதான்ப்பா இருக்கு."

"நீரு அந்தச் சிவப்பு மையைப் பார்க்காம விட்டிருக்கலாமே! என் குடியைக் கெடுத்துட்டீரே, மனுஷனா நீரு?"

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு வரலையேப்பா" என்றார். "முயற்சி பண்ணினேன். வரலை." அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் தாளைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஏட்டையாவைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினார்.

"உங்கப்பன் பத்து மாசத்துல செத்துட்டான். அப்ப நீ யாருக்குடா பொறந்தே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் திறக்கவில்லை. கையை நீட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருட்டினார்கள். வீட்டுக்கு வந்து மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். புளியைப் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. சுப்புத்தாய் என் கையைப் பார்த்தாள். அம்மியில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தாள். அந்தக் கட்டைக் குழவி அம்மியில் உருண்ட சத்தம் எனக்குத் தாங்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

லாரியை வேறொருவன் எடுத்துக்கொண்டான். நான் வயல் வேலைக்குப் போனேன். பொழுது சாய்ந்தால் டேசன். மாசி மாதம் மகன் பிறந்தபோது நான் டேசன் கொட்டகையில் கிடந்தேன். விடிந்து போய்த்தான் பார்த்தேன். என் விரலை அவன் பிடித்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பதினெட்டு வருஷம் போனால் இந்தப் பத்து விரலையும் மையில் முக்குவார்களே! பிள்ளையைப் பார்க்கிற போதெல்லாம் அவன் விரலைத்தான் பார்த்தேன். ஒரு மாசம் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சுப்புத்தாய்தான் சொன்னாள். "வாத்தியாருக்குப் பிள்ளை இல்லையே" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியாரும் அவர் பெண்டாட்டி ஞானப்பூவும் நான் சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியார்தான் முதலில் பேசினார்.

"கர்ணா, உங்க அப்பத்தா மாதிரின்னா எனக்கு வேணாம். பொய்யைப் புஸ்தகத்துல ஏத்த மாட்டேன். குடுத்தா குடுத்ததுதான். அவன் என் மகன்னு எழுதினா, அவன் என் மகன். திருப்பிக் கேக்கக் கூடாது."

அதற்காகத்தானே அவரைத் தேடிப் போனேன்! அவர் எழுதினால் எந்த இன்ஸ்பெக்டரும் நம்புவான். "கேக்க மாட்டேன்" என்றேன். ஞானப்பூ உள்ளே போய் ஒரு படி தவிடு கொண்டுவந்து சுப்புத்தாயின் முந்தானையில் கொட்டினாள். பாதி தரையில் சிந்தியது. சுப்புத்தாய் அதையும் கூட்டி அள்ளிக்கொண்டாள்.

அதே மலைக்கோயில், அதே புஸ்தகம், அதே பேர்தான் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் வாத்தியார் சம்மதித்தார். நான் போய்ப் பார்க்க முடியவில்லை. சீட்டுக் கேட்டேன், கொடுக்கவில்லை. அடுத்த மாசமே உத்தமபாளையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நாற்பத்தியேழாம் வருஷம் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் கொட்டு. டேசன் கொட்டகைப் பாயைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நானும் ஒரு பாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுப்புத்தாய் படியை நிறைத்துப் புதுத் தவிடு அளந்து பையில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. இருந்தும் கிளம்பினோம்.

உத்தமபாளையம் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. கொடுக்க மாட்டேன் என்பாரா? கொடுத்துவிடுவாரா? எது நடந்தாலும் பயமாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தது அவன்தான். பதினோரு வயசு. கையில் புஸ்தகம். அதைப் பிடித்திருந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. அவன் எங்களைப் பார்த்தான், பையைப் பார்த்தான், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அம்மா! தவிடு கொண்டாந்திருக்காக!"

உள்ளேயிருந்து ஞானப்பூ வந்தாள். எங்களைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையை நீட்டி அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த நேரம் எனக்கு எஸ்தரின் நினைப்பு வந்தது. என் வயசுக்கு அவளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. என் அப்பத்தா தவிட்டோடு போய் நின்றபோது அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள். அப்பத்தாவுக்குப் பிள்ளை கிடைத்தது. எஸ்தருக்கு ஒரு குழவிக்கல்லைக் கொடுத்துப் புதைக்கச் சொன்னோம். அந்தக் கறுப்புப் புஸ்தகத்தில் இருந்தது அவளுக்குப் பொய்யே இல்லை.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். தலை நரைத்திருந்தது. பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, யாருப்பா இவுக?"

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கேட்டால் சொல்லிவிடுகிற மனுஷர். சிவப்பு மையில் விரல் வைத்து நின்றாரே, அதே முகம். வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கூடலூர்க்காரங்க தம்பி. போன தடவை உங்கம்மா எங்களுக்கு ஒரு படி தவிடு குடுத்தாக. அதான், திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம். உங்க மாட்டுக்கு ஆகும்."

சுப்புத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. பையை அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் விரல்களை ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போனான்.

வாத்தியார் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.